இரண்டு நொடிச் சிரிப்பு

“கம்பெனியில சொல்லி நிறுத்தச் சொல்லவா?”

“வேணாம்.”

“உன்னால தாங்க முடியாதும்மா.”

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இப்ப இல்ல. அப்புறமா கேக்கறேன்.”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு டிவியில் என் குடை விளம்பரம் ஓடி முடிந்த ஒரு சாயங்காலத்தில் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மகள் போய் அப்போது இரண்டு மாதம். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. எப்போதாவது சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கப் போகிறாள் என்று நினைப்பேன். “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” என்பாள்.

விளம்பரத்துக்குப் பாட்டெழுதி மெட்டுப் போடுவது என் பிழைப்பு. சோப்பு, பெயின்ட், கொசுவத்தி, மெத்தை என்று எதை விட்டேன்? ஆனால் ஊர் வாயில் ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ‘சடசடன்னு மழை வரட்டும், பட்டுன்னு குடை விரியட்டும்.’ கடைசி ‘டும்’மோடு ஒரு குழந்தை சிரிக்கும். அது என் மகள். அப்போது அவளுக்கு நாலு வயது. ஆறு வயதில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். சிரிப்பு மட்டும் மழைக்காலம் தவறாமல் வந்தது. பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டைப் பாடிவிட்டு, முடிவில் அவளைப் போலவே சிரித்தும் காட்டுவார்கள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். வீட்டில் அந்தப் பாட்டு காதில் விழுந்தால் மனைவி குழாயை மூடிவிட்டு, கையில் கழுவாத பாத்திரத்தோடு அப்படியே நிற்பாள். வேதனையில் நிற்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன்.

இன்று காலை கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விளம்பரப் பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினான்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்கம்மாகூட இந்தப் பாட்டைப் பாடித்தான் என் தம்பிக்குத் தலை துவட்டுவாங்க. ஆனா இப்ப யாருக்கும் ஆறு செகண்டுக்கு மேல பொறுமை இல்ல. இந்த சீசன்லேர்ந்து வேற போடறோம்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். தெருமுனையில்தான் உறைத்தது. இனி அவள் குரல் எங்கேயும் கேட்காது. வீட்டில் அந்தச் சிரிப்பாவது இருக்கட்டுமே என்று, அன்று பதிவு செய்த ஸ்டூடியோவுக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது.

“வாய்யா குடை!” என்றான் ஒலிப்பதிவு செய்யும் நண்பன். “ஊர் முழுக்கக் குடையை வித்துட்டு நீ சொட்டச் சொட்ட வந்து நிக்கற.”

“பாப்பா சிரிப்பு மட்டும் தனியா வேணும்.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

“எல்லாம் சேர்த்துக் கலந்த பாட்டு இருக்கு. அன்னிக்குத் தனித்தனியா எடுத்ததையெல்லாம் அடுத்த வருஷமே அழிச்சுட்டோம்யா. இடம் போதல. அப்ப எனக்கு அது வெறும் சிரிப்புதானே.”

“பாட்டுலேர்ந்து பிரிக்க முடியாதா?”

முயன்று பார்த்தான். மத்தளத்தை எடுத்தால் சிரிப்பில் பாதி அதோடு போனது. மிச்சம் இருந்தது, தண்ணீருக்கடியில் யாரோ இருமுவது மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை நானே அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. மழைக்குப் பயந்து அறைக்குள்ளேயே காயப் போட்டிருந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மனைவி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவுக்குப் போனதைச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்வது போல மற்றதை மட்டும் சொன்னேன்.

“இனிமே அந்தப் பாட்டு வராதும்மா. வேற மாத்திட்டாங்க.”

“வரவே வராதா?”

“வராது.”

என் சட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு ஸ்டூடியோவுல அவ சிரிக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சா. நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. நான்தான் உள்ள போனேன்.”

“ஆமா.”

“அவ காதுல என்னமோ சொன்னேன். அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சா. என்ன சொன்னேன்னு எனக்கு மறந்துபோச்சுங்க.”

தலை துவட்டக் குவியலிலிருந்து எடுத்த துண்டோடு அப்படியே நின்றேன்.

“ஒவ்வொரு தடவை கேக்கும்போதும், இப்ப ஞாபகம் வந்துடும், இப்ப வந்துடும்னு பாப்பேன். வரல. பெத்தவ இதைப் போய் மறந்துட்டாளேன்னு நீங்க நினைப்பீங்கன்னு கேக்காமயே இருந்துட்டேன்.”

சட்டையின் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துப் பொத்தானுக்கு வந்ததும் விரல்கள் நின்றன. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்கு முழுசா எடுத்தது அந்த ஸ்டூடியோவுல இருக்கும்ல? நான் பேசினதும் அதுல இருக்கும். என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.”