பாப்பா அடித்த காற்று

என் வீட்டுக்காரர் பிடித்த முயலுக்கு மூணே கால். கல்யாணமான நாளிலிருந்து அந்த முயலோடுதான் நானும் குடித்தனம் நடத்துகிறேன். "மலைக்குப் போறோம். பாப்பா வண்டியும் வருது" என்று அவர் சொன்னபோது ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த முயலுக்கு நாலாவது கால் முளைத்திருக்காது.

பாப்பா எங்கள் ஒரே மகள். வேலைக்குப் போகிற பெண்ணை இன்னுமா பாப்பா என்று கூப்பிடுவீர்கள் என்று என் நாத்தனார் கேட்டுக்கொண்டே இருப்பாள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதென்றால் பாப்பாவுக்குப் பைத்தியம். தான் கெட்டது போதாதென்று அப்பாவையும் இழுத்துவிட்டாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். வாரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் மகளோடு குன்று குன்றாக ஏறி இறங்கினார். இரண்டு பேரும் சேறும் புழுதியுமாக வந்து கூடத்தில் நிற்பார்கள். நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்துவேன். அந்தச் சேற்றுக்காக இப்போது ஏங்குகிறேன்.

இந்தப் பயணமும் அவள் பதிவு செய்ததுதான். மரம்கூட முளைக்காத உயரத்தில் ஒரு கணவாய். அதுவரை ஏறி, அந்தப் பக்கம் பள்ளத்தாக்குக்குச் சைக்கிளிலேயே இறங்குவது. அப்பாவும் மகளும் போவதாகத் திட்டம். அதற்குள் ஒருநாள், அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

அவளுடைய சைக்கிள் கூடத்திலேயே நின்றது. அதன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு ஃபோர்க் என்று பெயர். அதற்குள் காற்றுதான் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் கால் உள்ளே அமுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு, மறுபடி எழும். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்த மாதிரி அதில் காற்று அடிக்க வேண்டும். பாப்பா தனக்கென்று ஒரு குட்டி பம்பு வைத்து அடித்துக்கொள்வாள். நான் ஒருமுறை சும்மா அந்த வண்டியில் கை வைத்தபோது, "அம்மா, வேணாம்! நீ ஏறினா அது முட்டி போட்டுக் கும்பிடும்" என்றாள். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை வாசலில் ஒரு எடை மெஷின் உண்டு. கடைக்கு வரும்போதெல்லாம் என்னை அதில் தள்ளி ஏற்றிவிட்டு, முள் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பாள். கழுதைக்கு அவ்வளவு வாய்.

ஃபோர்க்கின் ஒரு காலில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். கால் அமுங்கும்போது அது வளையத்தை மேலே தள்ளும். கால் எழுந்த பிறகும் வளையம் தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும். கடைசியாக ஓட்டியபோது ஃபோர்க் எவ்வளவு ஆழம் அமுங்கியது என்று அதைப் பார்த்தால் தெரியும். பாப்பாவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த வளையத்தில் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பார். டயர்க் காற்று நாளாவட்டத்தில் இறங்கிப்போய், அதற்கு வேறு காற்று அடித்த அன்றைக்கு மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "இனிமே ஃபோர்க்ல இருக்கறது மட்டும்தான் அவ அடிச்ச காத்து" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காற்றையும் வளையத்தையும் காவல் காக்கிறவர், ஒரே வீட்டில் இருக்கிற என்னை நிமிர்ந்து பார்த்து மாதக்கணக்காகிறது. சோறு போட்டால் சாப்பிடுவார், விளக்கை அணைத்தால் படுப்பார். அவ்வளவுதான்.

"அவனைத் தனியா விட்டுடாதே" என்றாள் நாத்தனார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நானும் கிளம்பினேன். அவர் தன் சைக்கிளில் வருவது, நானும் பாப்பா வண்டியும் ஜீப்பில் போவது என்று ஏற்பாடு. அந்த வண்டியை அவள் வைத்துவிட்டுப் போன நிலையிலேயே கணவாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. வளையம் நகராமலிருக்க ஃபோர்க்கில் ஒரு துணியைச் சுற்றி நூலால் கட்டினார்.

மேலே தங்கும் விடுதியில் தகரக்கூரை, இரண்டு கட்டில், நடைவழியில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் அந்த உயரத்தில் தலையணை மாதிரி உப்பிவிட்டன. குளிரில் விரல் சுருங்கி மோதிரம் மறுபடி கழன்று விழுந்தது. வீட்டிலேயே அதில் நூல் சுற்றித்தான் போட்டிருந்தேன். இங்கே இன்னும் கொஞ்சம் சுற்றினேன்.

வழிகாட்டியே சைக்கிள் மெக்கானிக்கும்கூட. கறுப்புக் கண்ணாடியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றாத ஆள் என்பதால் நான் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்தேன். மேலே ஏற வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் வந்து நின்றார்.

"சார், மேல மண்ணு சரிஞ்சிருச்சு. ஜீப் போகாது. சைக்கிள் மட்டும்தான் போகும். அக்கா இங்கயே இருக்கட்டும்."

"அந்த வண்டி?"

"ஓட்ட ஆளில்லாத வண்டியை எப்படி சார் கொண்டுபோறது? ஒருத்தர் ரெண்டைத் தள்ளிக்கிட்டு அந்த உயரத்துல நடக்க முடியாது."

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

"நான் ஓட்டறேன்" என்றேன்.

பஸ் வருவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் கடைக்குச் சைக்கிளில் போனவள்தான் நான். கண்ணாடிக்காரர் தன் வண்டியைக் கொடுத்து என்னை முற்றத்தில் சுற்றவிட்டுப் பார்த்தார். "பாதை அகலமானதுதான். ஏத்தத்துல தள்ளிக்கிட்டு நடங்க. இறக்கத்துல என் பின்னாலயே வரணும், பிரேக்கை விட்டுக் கை எடுக்கக் கூடாது" என்றார். கணவாய் வரை தள்ளிக்கொண்டே போனால் வளையம் நகராது என்று நான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாயைத் திறந்து அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வளையத்தில் கை வைக்காதீர்கள் என்று. சொன்னால் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சம். ஊரே பார்க்க அழுதாலும் அழுவார், இதைச் சொல்ல மட்டும் மாட்டார்.

காலையில் நாங்கள் முற்றத்துக்கு வந்தபோது சைக்கிள்களெல்லாம் வரிசையாக நின்றன. கண்ணாடிக்காரர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரேக், செயின், பிறகு கந்தலால் ஃபோர்க்கை ஒரு துடைப்பு, கடைசியில் கட்டைவிரலால் வளையத்தைக் கீழே ஒரு தள்ளு. தினமும் செய்கிற வேலை, அவர் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு செய்தார். பாப்பா வண்டியில் சுற்றியிருந்த துணி அதற்குள் அவர் தோளில் கிடந்தது.

"ஐயோ, இருங்க!" என்று நான் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் கட்டைவிரல் வேலையை முடித்துவிட்டது.

கண்ணாடிக்காரர் பதறிப்போய் எங்களைப் பார்த்தார். "என்னாச்சு அக்கா? துணி இருந்தா காத்தைப் பிடிச்சு வைக்கற ரப்பர் சீல் கிழிஞ்சுரும்னு எடுத்தேன்."

என் வீட்டுக்காரர் வண்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். வளையம் அடியில் கிடந்தது. அதை மெல்ல மேலே நகர்த்தினார். நிறுத்தினார். கொஞ்சம் இறக்கினார். துடைத்துவிட்டதால் பழைய புழுதிக் கோடுகூட இல்லை.

"இங்கயா?" என்று என்னைக் கேட்டார்.

அந்த வளையத்தைக் காலை மாலை அவர் ஒருவர்தான் பார்த்ததாக நினைப்பு. துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் மேல. அந்த வெள்ளை எழுத்து முடியற இடத்துல" என்றேன். அவர் அங்கே கொண்டுபோய் வைத்தார். சரியாக அதே இடம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம வச்சா, அது அவ வச்சதாகுமா?" என்றார். பிறகு தானே அதைக் கீழே தள்ளிவிட்டார்.

கண்ணாடிக்காரரைத் தனியே அழைத்து, அந்த வண்டி யாருடையது என்று சொன்னேன். அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் எங்கள் இருவர் முன்னாலும் வந்து, "மன்னிச்சிருங்க சார். ஆனா ஒண்ணு சொல்லணும். அக்கா ஓட்டறதா இருந்தா ஃபோர்க்கை அவங்க எடைக்கு மாத்தணும். இந்த இறக்கத்துல காத்து கூடவோ குறைச்சலாவோ இருந்தா ஆளைத் தூக்கி எறிஞ்சிரும். மாத்தாம என்னால விட முடியாது" என்றார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டி ஃபோர்க்கின் தலையிலிருந்த சின்ன மூடியைப் பொத்திக்கொண்டார். காற்று அடிக்கிற வாய் அதுதான்.

"வேணாம்" என்றார். "மேல போக வேணாம். கீழயே போயிடலாம். இதையும் விட்டுட்டா என்கிட்ட அவளோடது ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே இல்லையாம். பெற்றவள் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குளிரே தெரியவில்லை.

"காத்தை இறக்கறது அப்புறம். முதல்ல நான் ஏறினா எவ்வளவு அமுங்குதுன்னு அளந்து பாக்கட்டும். அளக்கறதுக்குக் காத்தை இறக்க வேண்டாமே? கையை எடுங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்து எடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் கையைத் தொடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடிக்காரர் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டார். "மெதுவா ஏறுங்க அக்கா. மிதியில நில்லுங்க. குதிக்காதீங்க." நான் ஏறினேன். நீ ஏறினா அது முட்டி போட்டுக் கும்பிடும். அந்தக் குரல் காதிலேயே இருந்தது. சரிடி பாப்பா, முட்டி போடட்டும், நீ சிரி என்று நினைத்துக்கொண்டு மிதியில் நின்றேன்.

வண்டி முட்டி போடவில்லை. லேசாக அமுங்கி அப்படியே தாங்கிக்கொண்டது.

நான் இறங்கியதும் கண்ணாடிக்காரர் குனிந்து வளையத்தைப் பார்த்தார். பார்த்தது போதாமல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெயிலில் கருத்த முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. விரலை வைத்து அளந்தார்.

"அக்கா, உங்களுக்குன்னே அடிச்ச மாதிரி இருக்கு. இதுல நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல."

"நல்லாப் பாருங்க" என்றேன். "என் பொண்ணு பாதி ஆள் மாதிரி இருப்பா."

"பாத்துட்டேன் அக்கா. உங்க எடைதான்."

என் வீட்டுக்காரர் வளையத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து ஆரம்பித்து, தொளதொளவென்று தொங்கிய குளிர் ஜாக்கெட், அதன் கைக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டு, விரலில் நூல் சுற்றிய மோதிரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளிரில் விரல் சுருங்கியதாக நானே என்னை நம்பவைத்திருந்தேன் போலிருக்கிறது. கடை வாசலில் இருந்த எடை மெஷினில் பாப்பாவுக்குப் பிறகு நான் ஏறவேயில்லை.

"நீ எப்ப இப்படி ஆனே?" என்றார்.

"உங்க பக்கத்துலதான் ஆனேன்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அழுதேன். கண்ணாடிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே பார்த்து முடித்த வண்டிகளை மறுபடி பார்க்கப் போய்விட்டார்.

போனோம். நாலு அடி தள்ளுவதும் நின்று மூச்சு வாங்குவதுமாக, நான் பாப்பாவின் வண்டியைக் கணவாய் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே ஒரு கல்மேடும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. இதற்காகவா இந்தப் பெண் அத்தனை குதி குதித்தாள் என்று தோன்றியது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, இறங்கி இறங்கிப் போகும் பாதையைக் கண்டதும் அவள் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. அதைப் பார்க்க அவள் இல்லை. என்னால் நிற்க முடியாமல் கல்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பையிலிருந்து உப்பிய பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து, கிழித்து, என் கையில் வைத்தார்.

"தின்னு."

"வேண்டாங்க. தொண்டையில இறங்கல."

"தின்னுன்னு சொல்றேன்ல."

"தின்னா எடை ஏறும்" என்றேன். "அப்புறம் அவ அடிச்ச காத்து எனக்குப் பத்தாது. மாத்தித்தான் ஆகணும்."

அவர் பாப்பாவின் வண்டியைப் பார்த்தார். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்து, சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது போல என் வாயருகே கொண்டுவந்தார்.

"மாத்திக்கலாம்" என்றார். "நீ தின்னு."