முப்பத்தைந்தாவது படம்

அண்ணனின் கேமரா என் வீட்டுக் கதவுக்கு வெளியே, ஆணியில், ஆட்டுத்தோல் பையில் தொங்குகிறது. குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அடுப்புச் சூடு பட்டால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அண்ணன் தெமிர்குல் அப்படித்தான் வைத்திருந்தான். பழைய ஜெனித். ஸ்கீ போகும்போதெல்லாம் கூடவே வரும்.

எடுத்த படங்களின் எண் முப்பத்தைந்தில் நிற்கிறது. இன்னும் ஒரு படம் பாக்கி. பிலிம் சுருள் முடியாமல் கழுவக் கொடுக்கமாட்டான் அண்ணன். அந்த வழக்கத்தைச் சொல்லியே நான் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

ஜிர்கலான் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவன் நான். ஓய்வு நாளில், வழுக்காமல் இருக்க ஸ்கீக்கு அடியில் ரோமத்தோலை ஒட்டிக்கொண்டு மலை ஏறுவேன். கேமராவையும் எடுத்துப் போவேன். கொண்டுபோவதோடு சரி, பொத்தானை அழுத்தியது கிடையாது. ஆனால் சரிவில் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் ஷட்டர் விழும் சத்தம் கேட்கும். சுரங்கத்துக்குள்ளும் கேட்டிருக்கிறது. ஒருமுறை கேமராவைக் கண்ணில் வைத்தேன். கண்ணாடியில் யாரோ ஊதியது போல ஆவி படிந்திருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எப்போதும் முதலில் இறங்குவான். கீழே நின்று, உச்சியில் நிற்கும் என்னைப் படம் எடுப்பான். கேமராவைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான்களை மாட்டுவான். அதற்குப் பிறகுதான் ஸ்கீக் கோலைத் தூக்குவான். கோல் உயர்ந்தால்தான் நான் இறங்க வேண்டும். போன தை மாதம் எனக்குக் கால் விறைத்துவிட்டது. கேமரா அவன் கண்ணில் இருக்கும்போதே இறங்கிவிட்டேன். பின்னால் பனி உடைந்து சரிந்தது. நான் பக்கவாட்டில் தப்பினேன். அவனைத் தோண்டி எடுத்தபோது கேமரா கோட்டுக்குள் இருந்தது. பொத்தான்கள் எல்லாம் மாட்டியிருந்தன. மேலே பனி வந்துகொண்டிருக்கும்போது மாட்டியிருக்கிறான்.

கோலைத் தூக்கினான் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். முப்பத்தைந்தாவது படம் வேறு சொல்லும்; அதில் நான் சரிவில் வந்துகொண்டிருப்பேன்.

அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆவதற்கான விருந்துக்குப் பத்து நாள் இருக்கையில் அண்ணி உல்ஜான் வந்தாள். எங்களில் மருமகள்கள் புருஷன் வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்வதில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவாள்.

“ஏய் சுருட்டை, அந்த ஒத்தப் படத்தை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறியா?”

“வெளிச்சம் சரியா அமையல அண்ணி.”

“ஒரு வருஷமா சூரியனே வரலையாக்கும்! விருந்துக்கு வர்றவங்களுக்கு அவர் எடுத்த படத்தைக் காட்டணும்டா. நானே எடுத்துடறேன். நட.”

அவள் அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதே சரிவு. இந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு, அங்கங்கே புல் தெரிந்தது. அவள் கீழே அவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டாள்.

“மேல போய் நில்லு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே, விருந்துக்காரங்க சோத்துல கை வைக்கமாட்டாங்க.”

ஏறினேன். உச்சியில் திரும்பிப் பார்த்தேன். கீழே அந்தக் கோட்டு. கண்ணில் கேமரா. அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வராது. ஆனாலும் ஷட்டர் விழுந்தது எனக்குக் கேட்டது. பிறகு கேமராவைக் கோட்டுக்குள் வைத்தாள். ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். கோலைத் தூக்கினாள்.

என்னால் இறங்க முடியவில்லை. அவள் தூக்கியபடியே நின்றாள். கை வலித்திருக்கும், மாற்றிப் பிடித்தாள். நான் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஓரப் பாறை வழியாக நடந்தே இறங்கினேன்.

“என்னடா, பொண்ணு பார்க்கப் போறவன் மாதிரி நடந்து வர்றே? நான்தான் கோலைத் தூக்கினேனே?”

“நீங்க தூக்கினீங்க அண்ணி.”

“அப்புறம் என்ன?”

“அன்னைக்கு அண்ணன் தூக்கல. படம் எடுத்துட்டிருந்தான். நான் வந்துட்டேன். கழுவினா நீங்களே பார்ப்பீங்க.”

கோல் மெதுவாக இறங்கியது. கேமராவை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, என் பெயரைச் சொன்னாள்.

“கல்மாத், நீ முன்னாடி போ.”

போனேன். ஊர் வரும்வரை எனக்குப் பின்னால் அவள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.