ஜெனீவாவுக்குப் போகாத நோட்டு

"அவளுக்குப் பிரெஞ்சு தெரியும்னா ஃபிளைட்டா சார்? எட்டு மாசமா மேட்டுப்பாளையத்துல செருப்பு தேய நடந்தது யாரு?"

கார்குழலி போட்ட சத்தத்தில் எதிர்த்த கடையில் தையல் மிஷின் நின்றது. தொண்டு நிறுவனத்தை நடத்தும் தேவதாஸ் குரலைத் தாழ்த்தி விளக்கிப் பார்த்தார். ஜெனீவாவில் சாதியையும் சேர்த்து இனப் பாகுபாட்டை விசாரிக்கும் ஐ.நா. குழுவுக்கு அரசு ஓர் அறிக்கை கொடுக்கும், நம்மைப் போன்றவர்கள் மாற்று அறிக்கை கொடுப்போம். பேசக் கிடைப்பது இரண்டே நிமிடம், ஒரே ஆள்.

அந்த ஆள் சுடர்விழி. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் வாங்கிய குளிர்கோட்டின் விலையைக் கார்குழலி மூன்று கடைகளில் விசாரித்துவிட்டாள் என்பது தெருவுக்கே தெரியும்.

அறிக்கையில் ஒன்பதாம் பத்தி அன்னக்கிளியுடையது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெருக்குகிறவள். அங்கே எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், அவள் சாதிக்காரர்களுக்கு மட்டும் ஜன்னலோரம் பிளாஸ்டிக் டம்ளர். வேலை போய்விடக் கூடாதென்று பெயரையும் தேதியையும் அச்சில் போடுவதில்லை. அவை கேட்டு எழுதிய கார்குழலியின் நோட்டோடு சரி.

கூட்டத்தன்று மதியம் ஆபீஸில் லேப்டாப்பில் நேரலை. அன்னக்கிளி லீவு போட்டு, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். திரையில் சுடர்விழி பேசி முடித்தாள். கோட்டும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கார்குழலிக்குப் பொறுக்கவில்லை.

கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர் ஏதோ கேட்டார். அடுத்த நிமிடம் கார்குழலியின் போனில் சுடர்விழியின் செய்தி வந்தது. "ஒன்பதாம் பத்தி இப்பவும் நடக்குதான்னு கேக்குறாங்க. கடைசியா நடந்த தேதி உன் நோட்டுல இருக்கு. அரை மணில சொல்லணும் குழலி, ப்ளீஸ்."

நோட்டைத் திறக்காமலே அவளுக்குத் தேதி தெரியும். போன செவ்வாய்க்கிழமை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். இப்போது மட்டும் குழலி தேவைப்படுகிறாளோ? தவிக்கட்டும் கொஞ்சம்.

"இன்னாம்மா கேக்குறாரு அந்தக் கண்ணாடிக்காரரு? என் விசயமா?"

"இல்லக்கா. பொதுவா ஏதோ."

போன் நான்கு முறை அதிர்ந்தது, பிறகு அடங்கியது. கார்குழலி நிமிர்த்திப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. பதறி அனுப்பிய தேதிக்கு ஒரே வரியில் பதில் வந்தது: "முடிஞ்சிடுச்சு."

குழுவின் இறுதிப் பரிந்துரைகள் வந்தன. டம்ளரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சுடர்விழி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கார்குழலி திருப்பித் திட்டியிருப்பாள், தூங்கியும் இருப்பாள்.

மறு வருஷம் சுடர்விழி பிரான்சில் வேலை பார்க்கும் ஹரிகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு லியோன் பக்கம் போய்விட்டாள். கார்குழலிக்குக் கடலூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு அன்னக்கிளி வந்து எவர்சில்வர் டம்ளர் அரை டஜன் வைத்துக் கொடுத்தாள். அவள் இப்போது தட்டாஞ்சாவடியில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாளாம். அங்கே எந்த டம்ளரில் கொடுக்கிறார்கள் என்று கேட்கக் கார்குழலிக்கு இன்னும் வாய் வரவில்லை.