ஹூடாக்கின் நீலக் கோட்டு

ஒஹாயோவில் தேர்தல் நெருங்கியதும், ஹூடாக்கின் வீட்டுத் தொலைக்காட்சியில் டெரல் குடியேறிவிட்டான். ஆலையில் அவன் பக்கத்தில் நின்று வெல்டிங் வைக்கும் அதே டெரல்தான். "நான் ஒரு சாதாரணத் தொழிலாளி. எங்க ஆலையைக் காப்பாத்துற வேட்பாளருக்குத்தான் என் ஓட்டு" என்று பல் தெரியச் சிரித்தான். கம்பெனி காசில் எடுத்த விளம்பரம்.

"தலைமுடி எவ்வளவு அழகா இருக்கு பாரேன்," என்றாள் மனைவி மார்சி.

ஹூடாக்குக்கு வயிறு எரிந்தது. தொழிற்சங்கத்து நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆலை வாசலில் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவன் அவன். ஒருத்தனும் கார் கண்ணாடியைக்கூட இறக்கியதில்லை.

சங்கக் கூட்டத்தில் எழுந்து மேசையைத் தட்டினான். "தேர்தல் விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கிறதும் பேச்சுரிமைதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. கம்பெனி மட்டும்தான் பேசணுமா? நாமளும் விளம்பரம் எடுப்போம்!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கொள்கைக்காகக் கொதிக்கிறான் என்று நினைத்துத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹூடாக் அன்றே போய் முடி வெட்டிக்கொண்டான்.

படமெடுக்க வந்த பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களைப் பார்த்தா தொழிலாளி மாதிரியே இல்லையே சார். நாங்க ஒரு நடிகரைக் கூட்டிட்டு வந்திருக்கோம். உங்க கோட்டை மட்டும் கொஞ்சம் கழட்டிக் குடுக்கிறீங்களா?"

மறுவாரம் தொலைக்காட்சியில் டெரல் போன கையோடு நீலக் கோட்டு வந்தது. கோட்டுக்குள் எவனோ நின்று முழங்கினான்.

மார்சி பின்னல் வேலையை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இந்தக் கோட்டு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு இத்தனை நாள் தெரியவே இல்லையே!"