பேக்கப் – தொடாதே

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது தாவரவியல். அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருப்பது, "பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா." கிடங்கில் மூட்டை இறக்குகிற மனிதர் அவர். மகள் நிழலில், நாற்காலியில், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அவருக்குப் போதும். திரையில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஓடியது பல். செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிற பல் மருத்துவமனையில் பழைய நோயாளிகளின் அட்டைகளைக் கணினியில் ஏற்றுகிற வேலை எனக்கு. பெயர், வயது, எந்தப் பல் சொத்தை, எந்தப் பல் போயே போச்சு. மொத்தம் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள், பதினொரு மாதம். டாக்டரின் கையெழுத்தைப் படிப்பதற்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். அட்டை முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று அவர் வாயால் சொல்லியிருந்தார். காகிதத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாயே போதுமானதாக இருந்தது, தெருவுக்கே சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி அட்டையை முடித்தேன். சனிக்கிழமை காலையில் அட்டைகள் பதினான்கு மூட்டைகளாகக் காகித ஆலை வண்டியில் போய்விட்டன. அந்த அறையில் புது எக்ஸ்ரே கருவி வரப்போகிறதாம். திங்கட்கிழமை காலை நான் மாடி ஏறியபோது வரவேற்பு அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"உன் பொட்டி எழுந்திருக்க மாட்டேங்குது."

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி ஆங்கிலம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணினியை அணைக்கவே கூடாது என்பது டாக்டரின் சட்டம். அணைத்தால் மறுபடி எழுந்திருக்க நேரமாகிறதாம். அதனால் நான் சேர்ந்த நாளிலிருந்து அது தூங்கும், விழிக்கும், அணைந்ததே இல்லை. அப்டேட் செய்யவா என்று திரையில் பெட்டி வரும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்தச் சொல்லியிருந்தார். பதினொரு மாதமாக அழுத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்கோரை மறைத்துக்கொண்டு அதே பெட்டி வந்தது. "சனியன்" என்று சொல்லி 'இப்போதே' என்பதை அழுத்தியவர் அவர்தான். நான் பக்கத்தில் குடையை மடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் கேட்டது: "யாரு அப்டேட் அழுத்தினது?"

அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"நீங்கதான் சார். சனிக்கிழமை, ஸ்கோர் பார்க்கும்போது."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், தவறு செய்தவள் நான்தான் என்பது உறுதியாகிவிட்டது. "அழுத்துறதுக்கு முன்னாடி நீங்க சொல்லியிருக்கணும்ல" என்றார்.

பிறகு மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் என்பவர் டாக்டர் மனைவியின் தம்பி. கணினி நிபுணர் என்று குடும்பத்தில் தீர்மானமாகியிருக்கிறது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஃபார்மட். எந்தக் கணினிக்கு எது வந்தாலும் முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் அவருடைய ஒரே மருந்து. பல் வலி என்று அவரிடம் போனால் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைப்பார் என்று அக்கா சொல்வார்.

பத்தரை மணிக்கு மடிக்கணினியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். திரையை நின்றபடியே பார்த்தார்.

"போச்சு. சிஸ்டம் கரப்ட். ஃபார்மட் பண்ணிடலாம்."

"சார், திரையில என்னமோ எழுதியிருக்கு" என்றேன். "வேற வட்டு ஏதாவது செருகியிருந்தா எடுத்துட்டு, ஏதாவது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லுது."

"அதையெல்லாம் படிக்காதீங்க."

"எழுதியிருக்கே சார்."

"சும்மா எல்லாத்துலயும் போடுறது அது. வட்டுன்னா சிடி. இதுல சிடி போடுற வாயே கிடையாது. எதை எடுப்பீங்க?"

வட்டு என்றால் நானும் சிடி என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். கேட்ட விதமே, பதில் வேண்டாம் என்பது போலிருந்தது.

"தாவரவியல்."

"அப்ப செடிக்குத் தண்ணி ஊத்துங்க."

டாக்டர் சிரித்தார். வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் செடிகூடச் சிரித்திருக்கும். எனக்குக் காதோரம் சுட்டது. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது வேறு. ஃபார்மட் என்றால் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டும் போகும். மூட்டைகள் இந்நேரம் ஆலையில் கூழாகியிருக்கும். போனால், அட்டை வேலை முடியவே இல்லை என்று ஆகிவிடும். முடியாத வேலைக்கு யாரும் நிரந்தரம் கொடுக்க மாட்டார்கள்.

"என் அட்டையெல்லாம் அதுக்குள்ள இருக்கு சார்."

"அதுக்குத்தான் பேக்கப் இருக்கே" என்றார் ஃபார்மட். "பின்னாடி பாருங்க."

பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். நான் சேர்ந்த வாரம் அவரே வந்து, கணினியின் முதுகில் ஒரு பென் டிரைவைச் செருகி, நான் அடிப்பதெல்லாம் தானாக அதில் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் அதன்மேல் வெள்ளை டேப் ஒட்டி, தன் கையாலேயே எழுதி வைத்தார்: 'பேக்கப் – தொடாதே.' யாரும் தொடவில்லை. துடைக்க வருகிற அம்மாகூட அதைச் சுற்றித்தான் துடைப்பார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி அதுல இருக்கான்னு ஒரு தடவை காட்டுங்க" என்றேன்.

"நம்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அக்கா இருமினார். டாக்டருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்க வேண்டும். "காட்டிடு மச்சான், அந்தப் பொண்ணுக்குத் திருப்தியா இருக்கட்டும்" என்றார்.

ஃபார்மட் மேசைக்குப் பின்னால் குனிந்து, தும்மி, பென் டிரைவைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினார். நால்வரும் பார்த்தோம். காலி. ஒரு கோப்புகூட இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி, புத்தம் புதிதாக இருந்தது. பதினொரு மாதம் நாங்கள் பயபக்தியோடு சுற்றிச் சுற்றித் துடைத்தது இதைத்தான்.

"அப்டேட் சாப்பிட்டிருச்சு" என்றார் ஃபார்மட், கண் இமைக்காமல்.

டாக்டருக்கு முகம் வெளுத்தது. எனக்கோ அந்தக் காலிப் பென் டிரைவைப் பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. வேறு வட்டு ஏதாவது செருகியிருந்தால். கணினிக்கு இதுவும் வட்டுதான். அப்டேட்டுக்காக அணைந்து எழுகிறபோது முதலில் இதைத் தேடிப் போயிருக்கிறது. இதில் ஒன்றும் இல்லை என்றதும் அங்கேயே நின்றுவிட்டது. பதினொரு மாதமாக அணைக்கவே இல்லை என்பதால் இந்தத் தகராறு வெளியே வரவில்லை.

போய் ஒரு பட்டனை அழுத்தினேன்.

சுற்றியது. எழுந்தது. என் அட்டைகள், ஒன்று குறையாமல், நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. கடைசி அட்டை வரை உருட்டிப் பார்த்தேன்.

"அதை எடுத்ததும் வந்திடுச்சு சார். அதுதான் தடுத்திருக்கு. திரையில எழுதியிருந்ததும் அதான்."

டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா காலையிலேர்ந்து இத்தனை கூத்து?"

"அப்டேட் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கும் அத்தான்" என்றார் ஃபார்மட். "முடிஞ்சதும் தானா வந்திருக்கு. நான் அப்பவே நினைச்சேன்."

அத்தானுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. மச்சானுக்குக் காபி வந்தது.

நான் ஒரு வேலை செய்தேன். எல்லா அட்டைகளையும் அந்தப் பென் டிரைவில் ஏற்றினேன். ஆறு நிமிடம் ஆனது. பேக்கப் என்ற பெயருக்கு அது தகுதியானது அன்றுதான். பிறகு டாக்டரின் அறைக்குக் கொண்டுபோனேன்.

"இதை உங்க டிராயர்ல வைங்க சார். திரும்பச் செருகினா அடுத்த தடவையும் இதே மாதிரி நிக்கும்."

"அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். மச்சான் காரணமாத்தான் வச்சிருப்பான்."

"நிக்கும் சார்."

"சொன்னதைச் செய்யுங்க." கையுறையை மாட்டிக்கொண்டே, "அப்புறம், அட்டை வேலைதான் முடிஞ்சிருச்சே. நிரந்தரத்துக்கு இப்ப என்ன வேலை இருக்கு, சொல்லுங்க? இந்த மாசக் கடைசி வரைக்கும் வாங்க. பார்ப்போம்" என்றார்.

செருகினேன். நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு தடவை சொன்னேன்.

வீட்டில் அப்பா, "இன்னைக்கு வேலை ஆர்டர் குடுத்தாங்களா?" என்று கேட்டார். கொடுப்பார்கள் என்றேன். அந்த வாரம் முழுக்க அவர் கேட்டார். நான் அதையே சொன்னேன்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்டேட் பெட்டி மறுபடி வந்தது. வரவேற்பறை நிரம்பியிருந்தது. எழுந்துபோய் டாக்டரிடமே கேட்டேன். "அப்டேட் கேட்குது சார். அழுத்தவா, பிறகுன்னு போடவா?"

யாருடைய வாய்க்குள்ளோ இருந்த கையை எடுக்காமல் சொன்னார். "அழுத்துங்கம்மா. ஒவ்வொண்ணுக்கும் இப்படிப் பயந்தா எப்படி?"

அழுத்தினேன். கறுப்புத் திரை. அதே இரண்டு வரி.

ஃபார்மட் குடும்பத்தோடு சுற்றுலா போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் கையுறையோடு வந்து என் மேசைக்குப் பின்னால் நின்றார். வரிசையில் கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் முனகினார். அவருடைய பல்லைப் பார்க்கக் கணினி எதற்கு, வாயைத் திறக்கச் சொன்னால் தெரிந்துவிடும் என்றேன். அட்டை பார்க்காமல் எப்படி என்றார் டாக்டர். டாக்டரைக் கெஞ்சி அந்தப் பெரியவரை உள்ளே அனுப்பியதே அக்காதான்.

"உங்களால எதாவது பண்ண முடியுமா?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"முயற்சி பண்றேன். யாரும் உள்ள வர வேண்டாம்."

கதவைச் சாத்தினேன். பென் டிரைவைப் பிடுங்கினேன். பட்டனில் விரலை வைத்தேன், எடுத்தேன். போன தடவை இரண்டு நிமிடத்தில் முடித்தேன்; இவ்வளவுதானா என்றார்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் கட்டங்கள் வரைந்தேன். தாவரவியலில் வேர் எப்படித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது என்பதற்கு வரைவோமே, அந்தப் படம். அக்கா டீ கொண்டுவந்து வைத்து, பென் டிரைவையும் படத்தையும் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"எப்பவோ."

"குடி. அவசரமில்ல" என்றவர், வெளியே போய்க் கதவருகே நின்று, "கஷ்டமான பிரச்சினையாம், தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நாற்பது நிமிடம் கழித்துப் பட்டனை அழுத்தினேன். பென் டிரைவை டாக்டரின் சட்டப்படி அதன் இடத்திலேயே செருகினேன். டாக்டர் வந்தார். என் படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா முத்திப் போச்சு போல."

"ஆமா சார்."

"மச்சானா இருந்தா ஃபார்மட் பண்ணிருப்பான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த உண்மை வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

மாதக் கடைசி நாளில் காகிதம் வந்தது. கணினிப் பொறுப்பாளர், நிரந்தரம். அப்பா அதைத் தடவிப் பார்த்தார், எழுத்து மேடாக இருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி.

"அப்படி என்ன பண்ணின?"

"திரையில எழுதியிருந்ததைப் படிச்சேன்பா."

"அதுக்குத்தானே படிக்க வச்சோம்" என்றார், அம்மாவைப் பார்த்து. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குச் சொல்லப் போனார்.