தார்சீசியோவுக்கு ஒரு வாய்

பெத்ரோனாவின் பையைப் பிடுங்கியது நான்தான். ஆண்கள் வார்டு வாசலிலேயே வைத்துப் பிடுங்கினேன். உள்ளே துணி சுற்றிய தூக்குச்சட்டி. மூடியைத் திறந்தால் சுடச்சுட மோத்தே! வள்ளிக்கிழங்கைக் குழையக் குழைய வேகவைத்து, உப்புப் பாலாடைக்கட்டியைத் துண்டு துண்டாகப் போட்டு இறக்குகிற எங்கள் ஆற்றங்கரை சூப். அந்த வாசனைக்கு வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். யாருக்காக வந்ததோ அந்த மனிதர் மட்டும் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

"அக்கா, இதை அவர் வாயில வெச்சா வயித்துக்குப் போகாது, நேரா நுரையீரலுக்குப் போகும். அப்புறம் சளிக்காய்ச்சல், அப்புறம் சவப்பெட்டி. எத்தனை தடவை சொல்றது?"

"பட்டினியில செத்தா மட்டும் சவப்பெட்டி வேண்டாமா நெல்சி?" என்றாள் பெத்ரோனா. அவளுக்கு எதற்கும் பதில் தயாராக இருக்கும். லோரிக்காவில் என் தெருவுக்கு அடுத்த தெருக்காரி, எனக்குத் தெரியாதா?

அவள் புருஷன் தார்சீசியோவை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்தில் நின்று "மோந்தெரியா! மோந்தெரியா! ரெண்டே சீட்டு!" என்று கூவி ஆள் ஏற்றுகிறவர். பஸ் காலியாக இருந்தாலும் ரெண்டே சீட்டுதான். ஒரு விடியற்காலையில் மூளையில் இரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. தொண்டையும் பாதி தூங்கிப்போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினோம். ஆரம்பத்தில் குழறிக் குழறிப் பேசிக்கொண்டுதான் இருந்தார். குழாயைப் பிடுங்கி எறிந்தார், நாங்கள் மறுபடியும் போட்டோம். அன்றிலிருந்து பேச வாயைத் திறப்பதில்லை.

விழுங்குகிறாரா என்று ஹிமெனா இரண்டு முறை சோதித்தாள். இரண்டு முறையும் புரையேறி நீலம் பாரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை மோந்தெரியா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பறேன், வயித்துல நேரா குழாய் வெச்சிடட்டும்" என்று டாக்டர் புர்கோஸ் சொல்லிவிட்டார். அந்தக் குழாயை நான் குறை சொல்லமாட்டேன், எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் டாக்டர் அதைச் சொன்னபோது தார்சீசியோ கண்ணை மூடிக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நிறைய பேரை அப்படிக் கண்ணை மூடப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நோயால் போவதில்லை, மனசு விட்டுத்தான் போகிறார்கள்.

இந்த ஹிமெனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்க பொகோத்தாவிலிருந்து வந்த பெண். மலைநாட்டுக்காரி. நாயைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். கதவைத் தள்ளினால் கதவிடம் மன்னிப்புக் கேட்பாள். எங்கள் பக்கத்தில் அன்பாகப் பேசுவதென்றாலே திட்டுவதுதான். இந்த மரியாதையைக் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

அன்றைக்கும் அவள்தான் முதலில் வந்தாள். "மன்னிக்கணும் தலைவி, எதாவது பிரச்சனையா?" தலைமைச் செவிலி என்பதால் எல்லோருக்கும் நான் தலைவி.

பதில் சொல்வதற்குள் ஓஸ்னைடர் வந்தான். உடற்பயிற்சி கொடுக்கிறவன், தோளைப் பார்த்தால் உழவு மாடு தோற்கும். "என்ன வாசனை, என்ன வாசனை!" என்று மூக்கை நீட்டிக்கொண்டே வந்தான். பின்னாலேயே உணவு நிபுணர் மிலாதிஸ், குழாயில் ஊற்றுகிற பால் பாட்டிலோடு. தூக்குச்சட்டியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உப்பு! அவருக்குப் போய் இவ்வளவு உப்பா? இரத்த அழுத்தக்காரர் பெத்ரோனா!"

"மாமாவ முதல்ல உக்கார வைங்க, எந்நேரமும் படுத்தே கிடக்கறார்" என்றான் ஓஸ்னைடர்.

"மன்னிக்கணும், இப்ப அவருக்கு ஓய்வுதான் தேவை" என்றாள் ஹிமெனா.

"ஓய்வா? பால் ஊத்தற நேரம்" என்றாள் மிலாதிஸ்.

பெத்ரோனா தூக்குச்சட்டியைக் கட்டிலடி மேசையில் டங்கென்று வைத்தாள். "நிறுத்துங்கடி! யார் சொல்றதத்தான் நான் கேக்கறது? ஒருத்தர் உக்கார வைன்னு சொல்றீங்க, ஒருத்தர் படுக்க வைன்னு சொல்றீங்க. ஆளாளுக்கு நாட்டாமை! விடியறதுக்குள்ள இந்த நெல்சி வந்து பச்சத்தண்ணியில குளிப்பாட்டறா. அப்புறம் ஒரு மாத்திரை. அப்புறம் இந்தத் தடியன் கையையும் காலையும் முறுக்கு பிழியற மாதிரி பிழியறான். அப்புறம் வயிறு முட்டப் பால். எல்லாம் முடிஞ்சு கண்ணு சொருகிக் கிடக்கும்போது இந்தப் பொண்ணு வந்து, முழுங்குங்க ஐயா, முழுங்குங்கன்னு நிக்கறா. நீங்களா இருந்தா முழுங்குவீங்களா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே கட்டிலுக்குத் தினமும் வருகிறோம். ஆனால் ஒருவர் போனபின் ஒருவராக, நோயாளியிடம் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாதிரி.

"மன்னிக்கணும்" என்று ஹிமெனாதான் ஆரம்பித்தாள். "நான் சோதிச்ச ரெண்டு நாளும்... அதுக்கு முன்னாடியே பால் குடுத்தாச்சா?"

"பின்னே? நேரத்துக்குக் குடுக்கவேண்டாமா?" என்ற மிலாதிஸின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. "பசியே இருந்திருக்காதுல்ல?"

"அந்த மாத்திரை எதுக்கு?" என்று ஹிமெனா என்னைக் கேட்டாள்.

"விறைச்ச கை தளர்றதுக்கு. தூக்கம் வரும்."

"கை மட்டுமா தளரும்?" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "தொண்டையும் தளருமே!"

அந்த நேரம் பார்த்து டாக்டர் புர்கோஸ் உள்ளே நுழைந்தார். "இது ஆஸ்பத்திரியா, மீன் சந்தையா?" நல்ல மனிதர்தான், ஆனால் காபி குடிக்கும்வரை பக்கத்தில் போகக்கூடாது. விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "காலையில அந்த மாத்திரைய யாரு கேட்டது?" என்றார்.

"நான்தான் டாக்டர்" என்றான் ஓஸ்னைடர். "கை தளர்ந்தா என் பயிற்சி சுலபமா இருக்கும்னு..."

"எழுதினது யாரு?" என்று கேட்டாள் பெத்ரோனா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்" என்றார்.

"இன்னொரு தடவை பார்க்கலாம் டாக்டர்" என்றாள் ஹிமெனா. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை, கவனித்தேன். "நாளைக்குக் காலைல. எல்லாத்துக்கும் முன்னாடி."

"வெள்ளிக்கிழமைக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. நாளைக்கும் புரையேறினா போயே ஆகணும். அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது." சொல்லிவிட்டு, மாத்திரையை இரவுக்கு மாற்றி எழுதிவிட்டுப் போனார்.

இனி காலை நேரம் யாருக்கு? மதிய வெயிலில் இங்கே பல்லிகூட அசையாது, எல்லோருக்கும் காலைதான் வேண்டும். ஓஸ்னைடர் என்னைப் பார்த்து, "குளிப்பாட்டறத சாயங்காலம் வெச்சுக்கோங்க தலைவி" என்றான்.

"என் வார்டுல குளிக்காம யாரும் காலைப் பலகாரம் சாப்பிட்டதில்ல!"

"ஒரு நாள் குளிக்கலேன்னா செத்துடமாட்டாரு."

"ஒரு நாள் நீ முறுக்கு பிழியலேன்னாலும் சாகமாட்டாரு!"

"அதான், நான் பிழியல. முட்டுக்கொடுக்க மட்டும் வரேன்" என்று சிரித்தான். சிரிக்கிறவனிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருப்பது? விட்டுக்கொடுத்தேன். ஊர் கூடினால்தானே தேர் நகரும். நான் மட்டும் வடத்தைப் போட்டுவிட்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

என்ன கொடுப்பது என்பதில் அடுத்த சண்டை. தண்ணீரைக் கெட்டியாக்க மிலாதிஸ் ஒரு பொடி கலப்பாள், சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரியே இருக்கும். தார்சீசியோ அதை நாக்கில் வைத்தாலே துப்புவார். ஹிமெனா தூக்குச்சட்டியில் ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். சூப் வழியவில்லை, ஒட்டவும் இல்லை, ஒரே திரளாக மெல்ல நழுவி விழுந்தது. பிறகு கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கே!"

"பின்னே? என் கைச் சமையல்" என்றாள் பெத்ரோனா.

"ருசியச் சொல்லலம்மா. பதத்தைச் சொன்னேன்." இன்னொரு கரண்டி எடுத்தாள். "ருசியும்தான்."

பாவம், மலையில் பிறந்தவளுக்கு மோத்தே எங்கே கிடைத்திருக்கும்! எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது அந்த இரண்டாவது கரண்டியில்தான். பாலாடைக்கட்டித் துண்டு கூடாது, கிழங்கை மசித்து வடிகட்டணும், உப்பு பாதி என்று மிலாதிஸ் உத்தரவு போட்டாள். "பாலாடைக்கட்டி இல்லாம மோத்தேவா!" என்று பெத்ரோனா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு சட்டி என்று முடிவாயிற்று. ஒன்று அவருக்கு வடிகட்டியது. இன்னொன்று பெத்ரோனாவின் கௌரவத்துக்கு, துண்டுகளோடு.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வந்துவிட்டோம். நான் குளிப்பாட்டவில்லை. முகம் மட்டும் துடைத்து, பல் தேய்த்து, வாயைச் சுத்தம் செய்தேன். தார்சீசியோவின் கண்கள் தெளிவாக இருந்தன. ஓஸ்னைடர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் மார்பில் அவரைச் சாய்த்து நிமிர்த்தினான். "சாய்ஞ்சுக்கோங்க மாமா, ரெண்டே சீட்டு, ஒண்ணு உங்களுக்கு!" என்றான். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் சளி உறிஞ்சும் இயந்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் புர்கோஸ் வேறு எங்கோ போகிறவர் மாதிரி கதவோரம் நின்றார். கையில் காபிகூட இல்லை.

ஹிமெனா அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்தாள். கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"நீங்க குடுங்கம்மா" என்று கரண்டியை பெத்ரோனாவிடம் கொடுத்துவிட்டாள்.

பெத்ரோனா நீட்டியதும் திறந்தார். "தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்க ஐயா. இப்ப முழுங்குங்க" என்றாள் ஹிமெனா. நாங்கள் எல்லோரும் எங்கள் தொண்டையில் விழுங்கினோம். அவருடைய குரல்வளை மேலே ஏறியது, நின்றது, இறங்கியது.

"போயிடுச்சு" என்றாள் ஹிமெனா.

இரண்டாவது வாய். அதுவும் போயிற்று. மூன்றாவதில் இருமல் வந்துவிட்டது. பெத்ரோனா கரண்டியைக் கீழே போட்டாள். என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. டாக்டர் உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தார்.

"பொறுங்க!" என்று கத்தினாள் ஹிமெனா. எங்கள் மலைநாட்டுக்காரி கத்தினாள்! "இருமட்டும். இது நல்ல இருமல். முன்னாடி இருமக்கூடத் தெம்பில்ல. மறுபடியும் முழுங்குங்க ஐயா!"

விழுங்கினார். முகம் நீலம் பாரிக்கவில்லை. அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் பார்க்கிற கருவியும் கூச்சல் போடவில்லை.

"தொண்டையில எதுவும் தங்கலன்னா குரல் ஈரமில்லாம வரும். எதாவது பேசுங்க ஐயா. எதுவானாலும் சரி."

அவர் ஹிமெனாவைப் பார்க்கவில்லை. பெத்ரோனாவைத்தான் பார்த்தார். பிறகு அந்தக் கோணின வாயால், குழறலாக, ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"நீ சாப்ட்டியா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற பெத்ரோனா சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓஸ்னைடர்தான் பின்னாலிருந்து சொன்னான். "இல்ல மாமா. நீங்க படுத்ததுலேர்ந்து அவங்க சரியா சாப்பிடவே இல்ல."

"குரல் தெளிவா இருக்கு" என்று ஹிமெனா டாக்டரிடம் சொன்னாள். அவள் குரல்தான் தெளிவாக இல்லை. டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வேண்டாமென்று சொல்லத் தொலைபேசி இருக்கும் பக்கம் போனார்.

மிலாதிஸ் புதுக் கரண்டி எடுத்துவந்து கொடுத்தாள். பெத்ரோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலாவது வாயை நீட்டினாள். தார்சீசியோ உதட்டை இறுக்கிக்கொண்டு, நல்ல கையால் கரண்டியை அவள் பக்கம் தள்ளினார். நான் இன்னொரு சட்டியைத் திறந்து, பாலாடைக்கட்டித் துண்டோடு ஒரு கரண்டி எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் அதை வாயில் போட்டு, மென்று, விழுங்கி முடிக்கும்வரை அவர் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகுதான் தன் வாயைத் திறந்தார்.