லேசான கிட்டார்

"சீக்கிரம் தோண்டுங்கண்ணே! இன்னிக்கு மேடை ஏறலைன்னா குழுவுல வேற ஆளைப் போட்டுடுவாங்க." வாசலில் வேன் ஹாரன் அலறியது.

ரிப்பேர்காரர் எடை குறைவதற்காக எலக்ட்ரிக் கிட்டாரின் பின்பக்க மரத்தைக் குடைந்து தள்ளினார். "தோள்வலிக்கு வைத்தியம் பாக்கற மொத தச்சன் நான்தாம்மா."

"சத்தம் கெடுமா?"

"பெரிசா கெடாது. கம்பி அதிர்ந்தா போதும், மிச்சத்தை கம்பிக்கு அடியில இருக்கற காந்த பிக்கப் பாத்துக்கும்."

அவள் மாட்டிக்கொண்டு மீட்டினாள். நாதம் அப்படியே இருந்தது. சிரித்தபடி வலது கையை எடுத்தாள். கிட்டாரின் கழுத்து சட்டென்று தரையை நோக்கிச் சாய்ந்தது.

"கிட்டார் உடம்பு லேசானா கழுத்து கீழ இழுக்கும். இடது கையால தாங்கிக்கம்மா, அவ்வளவுதான்."

அவள் தாங்கவில்லை. காலடியில் மரத்தூள் குவிந்து கிடந்தது. அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"தோள்வலின்னு சொன்னது பொய்ண்ணே, பாரம் கொறஞ்சா கைக்கு சுலபமா இருக்கும்னு நெனச்சேன். இந்த இடது கைதான் கொஞ்சங்கொஞ்சமா செத்துக்கிட்டு வருது."